ஏட்டு இலாபமும் கைமிச்சமும்

(எம்.எஸ்ஸி. வேதியியல் மாணவி ஒருவர்)

சென்ற பொங்கல் விழாவில் நம் தமிழ் மன்றத்தார் நடத்திய பட்டிமன்றம் நண்பர்களுக்கு நினைவிருக்கும். "பங்குச் சந்தை மாணவர்க்கு வரமா, சாபமா?" என்பது தலைப்பு. நான் 'சாபம்' என்ற அணியில் மூன்றாவதாகப் பேசினேன். எங்கள் அணியினர் சூதாட்டத்தைப் பழித்தோம். எதிரணியினர் செல்வத்தைப் புகழ்ந்தனர். கைதட்டலுக்குக் குறைவில்லை. நடுவர் ஒரு நகைச்சுவையோடு தீர்ப்பை முடித்தார். எல்லோரும் சர்க்கரைப் பொங்கல் உண்டு விடுதிக்குத் திரும்பினோம்.

திரும்பும் வழியில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டு மணி நேரம் பேசினோமே, ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் உண்மையாகச் சம்பாதித்த பணம் எவ்வளவு, அதை எப்படிக் கண்டறிவது என்று பேசியவர்களில் ஒருவரேனும் சொன்னோமா? இல்லை. நானும் சொல்லவில்லை. தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பதுதான் என் குற்றம். கைதட்டல் கிடைக்காது என்று அஞ்சிவிட்டேன். அந்தக் குற்றத்துக்குக் கழுவாயாக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்கு வாங்குகிறவரும் வாங்காதவரும், வேலை தேடுகிறவரும், சிறு தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகளும், ஒரு நிறுவனத்தின் பணப்புழக்க அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதையும் ஓராண்டுக்கு மட்டும் படித்தால் போதாது. ஐந்தாண்டு, பத்தாண்டு என்று தொடர்ந்து படிக்க வேண்டும். இதற்கு வணிகவியல் பட்டம் வேண்டியதில்லை. கூட்டலும் கழித்தலும் பொறுமையும் போதும்.

இதை நான் கற்ற கதை இது. என் தந்தையார் கோவைக்காரர். நான் எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோது பிழைப்பைத் தேடிக் குடும்பத்தோடு புனேக்கு வந்தவர். போசரித் தொழிற்பேட்டையில் நான்கு லேத்துகளும் ஆறு தொழிலாளர்களும் உள்ள சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறார். பங்குச் சந்தையில் இடம்பெற்றுள்ள ஒரு சிறிய நிறுவனத்துக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பதே அவர் தொழிலில் பெரும் பகுதி.

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலை. நான் விடுமுறைக்கு வீட்டிற்குப் போயிருந்தேன். தந்தையார் ஆங்கிலப் பத்திரிகையில் வந்திருந்த ஒரு கட்டத்தை என்னிடம் காட்டினார். அந்த நிறுவனத்தின் ஆண்டு முடிவுகள் அதில் வெளியாகியிருந்தன.

"அம்மிணி, இதைப் படிச்சுச் சொல்லு. லாபம் கூடியிருக்குதுன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமாங்கப்பா, போன வருசத்தைக் காட்டிலும் கூடத்தான்."

"அப்ப நம்ம பில்லு ஏன் ஆறு மாசமா நிக்குது?"

எனக்கு விடை தெரியவில்லை. கரிமச் சேர்மங்களைப் பற்றி எது கேட்டாலும் சொல்லக்கூடிய எனக்கு, சோறு போடும் தொழிலைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. மறுநாளே அந்த நிறுவனத்தின் ஐந்து ஆண்டறிக்கைகளை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கக்கூடியவை. ஒரு மாத மாலைப்பொழுதுகள் அதில் கழிந்தன.

நான் முதலில் புரிந்துகொண்டது, இலாபம் என்பது பெட்டியில் இருக்கும் பணம் அன்று என்பதே. மார்ச்சு 28-ஆம் நாள் ஒரு நிறுவனம் ஒரு கோடி ரூபாய்ச் சரக்கைக் கடனுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சு 31-இல் கணக்கு முடிக்கும்போது அந்த ஒரு கோடியும் விற்பனை வரவில் ஏறிவிடும். அதற்கான இலாபமும் ஏறிவிடும். ஆனால் வாங்கியவர் பணம் தந்தாரா? தரவில்லை. இனித் தருவாரா? யாரறிவார்! கணக்கு முறையில் இதில் தவறு ஏதும் இல்லை. விற்றது விற்றதுதான். ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது.

இன்னொன்று, இயந்திரம். பத்து இலட்சம் ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வாங்கினால், பெட்டியிலிருந்து பத்து இலட்சமும் அன்றே போய்விடும். இலாபக் கணக்கிலோ, அது பத்தாண்டு உழைக்கும் என்று கொண்டு, ஆண்டுக்கு ஓர் இலட்சம்தான் தேய்மானமாகக் கழிப்பார்கள். ஆகவே இயந்திரம் வாங்கிய ஆண்டில் இலாபம் கொழுத்திருக்கும், பெட்டி மெலிந்திருக்கும்.

இந்த இரண்டையும் சரிசெய்து பார்த்தால் கிடைப்பதுதான் உண்மையான மிச்சம். தொழில் நடத்தியதால் கைக்கு வந்த நிகரப் பணத்திலிருந்து, கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் செலவிட்ட பணத்தைக் கழிக்க வேண்டும். மீதியை ஆங்கிலத்தில் 'ஃப்ரீ கேஷ் ஃப்ளோ' என்கிறார்கள். இதை 'இலவசப் பணப்புழக்கம்' என்று ஒருவர் தமிழ்ப்படுத்தியிருப்பதைக் கண்டேன். விடுதித் தோழி ஒருத்தி அதைப் படித்துவிட்டு, எங்கே கொடுக்கிறார்கள், எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று கேட்டாள்! என் தந்தையார் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கூலி, மின்கட்டணம், இரும்பு விலை, லேத்துச் செலவு எல்லாம் போக எஞ்சியதைக் 'கைமிச்சம்' என்பார். அச்சொல்லையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், நிறுவனங்களின் நிதிநிலை அறிக்கைகளுள் பணப்புழக்க அறிக்கையையும் ஒன்றாக வைத்திருக்கிறது. சட்டம் 'சிறு நிறுவனம்' என்று வரையறுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் வேறு சில வகையினருக்கும் விலக்கு உண்டு; பங்குச் சந்தையில் இடம்பெற்றவை எவ்வளவு சிறியவை ஆயினும் அந்த விலக்கில் வாரா. அறிக்கையில் மூன்று பகுதிகள் இருக்கும். தொழிலால் வந்த பணம் முதற்பகுதி. முதலீட்டில் போன பணம் இரண்டாம் பகுதி. கடன், வட்டி, பங்காதாயம் ஆகியவை மூன்றாம் பகுதி. முதற்பகுதியின் கடைசி வரியையும், இரண்டாம் பகுதியில் சொத்துகள் வாங்கிய வரியையும் எடுத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. ஒரே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டுக் கணக்கு முறையில், வங்கிகள் போன்ற நிதி நிறுவனங்கள் அல்லாதவை கட்டும் வட்டி மூன்றாம் பகுதியில் ஒதுங்கி நிற்கும். 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, நீண்டகாலக் குத்தகைக்குக் கட்டும் தொகையில் அசலும் அங்கேதான் போய் நிற்கிறது. வட்டியும் குத்தகையும் கட்டாமல் தொழில் நடக்குமா? ஆகவே அவற்றையும் கழித்துவிடுவதே நேர்மை.

இனி, ஏன் பல ஆண்டுகள் பார்க்க வேண்டும்? அறிவியல் மாணவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு தரம்பார்த்தலை வைத்து நாம் கரைசலின் செறிவைச் சொல்லுகிறோமா? மூன்று முறை செய்து, ஒத்துவரும் அளவுகளை எடுத்துக்கொள்ளுகிறோம். சிறிய நிறுவனங்களின் கணக்கு, ஒற்றை அளவீட்டைப்போல் ஆட்டம் மிகுந்தது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் மார்ச்சு 30-இல் பணம் தந்தால் அந்த ஆண்டு பொன்னாகும். ஏப்ரல் 2-இல் தந்தால் அதே ஆண்டு மண்ணாகும். தொழிலில் ஒரு மாற்றமும் இல்லை, நாட்காட்டியில்தான் மாற்றம். ஐந்தாண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் இந்த ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும். மார்ச்சு மாதத்துக்காக முகம் கழுவிப் பொட்டிட்டுக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. அவற்றைக் காண இன்னொரு சாளரம் இருக்கிறது. செபியின் விதிகள் 2018-இல் திருத்தப்பட்டபின், 2019 ஏப்ரல் முதல் பங்குச் சந்தை நிறுவனங்கள் அரையாண்டுக்கும் பணப்புழக்க அறிக்கை தர வேண்டியதாயிற்று. மார்ச்சு முகத்தையும் செப்டம்பர் முகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் தந்தையாரின் வாடிக்கையாளரான நிறுவனத்துக்கு வருகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. அடையாளம் தெரியாதிருக்க எண்களையும் சுருக்கி, முழு எண்களாக்கித் தருகிறேன். வட்டியை முன்பே கழித்துவிட்டேன்.

ஐந்து ஆண்டுகளில் அதன் இலாபம் முறையே 10, 12, 15, 18, 20 கோடி ரூபாய். படிக்கட்டுபோல் ஏறுகிறது அல்லவா? தொழிலால் கைக்கு வந்த பணம் 9, 7, 3, 4, 19 கோடி. சொத்துகளுக்குச் செலவிட்டது 4, 5, 8, 10, 6 கோடி. ஆகவே கைமிச்சம் முதலாண்டில் 5 கோடி, இரண்டாம் ஆண்டில் 2 கோடி, மூன்றாம் ஆண்டில் 5 கோடி பற்றாக்குறை, நான்காம் ஆண்டில் 6 கோடி பற்றாக்குறை, ஐந்தாம் ஆண்டில் 13 கோடி மிச்சம்.

முதன்முறை இதைப் பார்த்தபோது நான் நிறுவனத்தின் பக்கம்தான் நின்றேன். மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் அவர்கள் புதிய ஆலை கட்டினார்கள். தென்னங்கன்று வைத்தவன் ஐந்தாறு ஆண்டு தண்ணீர்தான் ஊற்றுவான். தேங்காய் பறிக்க மாட்டான். அந்தக் காலத்தில் அவன் பெட்டி காலியாக இருப்பதைக் கண்டு அவனைத் தோற்றவன் என்று சொல்லலாமா? பற்றாக்குறை என்றவுடனே பழிப்பது அறியாமை. ஐந்தாம் ஆண்டில் 13 கோடி மிச்சம் வந்திருக்கிறதே, மரம் காய்த்துவிட்டது என்றே எண்ணினேன். தந்தையாரிடம், "கொஞ்சம் பொறுங்கப்பா, அவங்க நல்லாத்தான் இருக்காங்க" என்றும் சொன்னேன்.

பிறகு அந்த 19 கோடி எப்படி வந்தது என்று வரிவரியாகப் பிரித்தேன். இலாபம் 20 கோடி, தேய்மானம் 5 கோடி, ஆக 25 கோடி. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி அந்த ஓராண்டில் 16 கோடி கூடியிருந்தது; அதைக் கழித்தால் 9. கிடங்கில் தேங்கிய சரக்கு 4 கோடி கூடியிருந்தது. அதையும் கழித்தால் 5. அப்படியானால் 19 எங்கிருந்து வந்தது? அடுத்த வரியில் இருந்தது விடை. சரக்குக் கொடுத்தவர்களுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி 14 கோடி கூடியிருந்தது.

என் கை நின்றுவிட்டது. அந்த 14 கோடிக்குள்ளேதான் எங்கள் பட்டறையின் ஆறு மாதப் பில்களும் இருக்கின்றன. ஆறு தொழிலாளர்களின் கூலிக்காகத் தந்தையார் வாங்கிய கைமாற்று இருக்கிறது. என் தம்பியின் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. பாக்கியை உரிய காலத்தில் தீர்த்திருந்தால், தொழிலால் வந்த பணம் 5 கோடி. ஆலைச் செலவு 6 கோடி போக, ஒரு கோடி பற்றாக்குறை. பத்திரிகைகளும் பங்குதாரர்களும் பாராட்டிய 13 கோடி மிச்சம் மரத்தில் காய்த்ததன்று. எங்களைப் போன்ற சிறு பட்டறைக்காரர்களின் சட்டைப் பையிலிருந்து பறித்தது.

ஐந்தாண்டுகளையும் கூட்டினேன். இலாபம் 75 கோடி. கைமிச்சம் 9 கோடி. பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு 3 கோடியாகக் கொடுத்த பங்காதாயம் 15 கோடி. 9 கோடி மிச்சம் வைத்திருப்பவர் 15 கோடி கொடுப்பது எப்படி? மீதி 6 கோடியைக் கடன் வாங்கித்தான். ஐந்தொகையில் வங்கிக் கடன் அவ்வளவே கூடியிருந்தது. கணக்கு வந்து பொருந்தியது. வேதியியலில் பொருண்மை அழிவதும் இல்லை, ஆவதும் இல்லை. பணமும் அப்படித்தான். ஓரிடத்தில் கூடினால் வேறோரிடத்தில் குறைந்தே தீரும். குறைந்த இடம் எது என்று தேடுகிறவருக்கு அது அகப்படாமல் போகாது.

ஒரு பில்லின் பின்புறத்தில் பென்சிலால் எழுதித் தந்தையாருக்கு இதை விளக்கினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவங்க கைமிச்சம்கிறது நம்ம பணமா, அம்மிணி?" என்றார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம், குறுந்தொழிலாருக்கும் சிறுதொழிலாருக்கும் தரவேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் தள்ளக்கூடாது என்கிறது. தள்ளினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வீதத்தில் மாதந்தோறும் கூட்டுவட்டி தர வேண்டும். 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இன்னும் ஒருபடி போய், காலத்தில் கொடுக்காத தொகையை, அதைக் கொடுத்துத் தீர்க்கும்வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்றது. 2021-இல் செய்த திருத்தத்தால், வரவேண்டிய பாக்கியும் கொடுக்கவேண்டிய பாக்கியும் எத்தனை காலமாக நிற்கின்றன என்ற பட்டியலும் ஆண்டறிக்கையில் அச்சாகிறது. இவ்வளவையும் சொன்னேன். தந்தையார் சிரித்தார். "புகார் கொடுத்தா வட்டி வரும், அடுத்த ஆர்டர் வருமா?" என்றார். சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாத ஒன்று பட்டறைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. பாதிப் பாக்கி வரும்வரை புதிய சரக்கு அனுப்புவதில்லை என்று சொல்லிவிட்டார். நான்கு மாதத்தில் பாதி வந்தது. மீதி இதை எழுதும் நாள்வரை வரவில்லை. அங்கிருந்து வரும் வேலையும் குறைந்துவிட்டது. ஒரு தொழிலாளரை நிறுத்த நேர்ந்தது. ஆகவே இது வெற்றிக் கதை அன்று. ஓராண்டுக்கு முன்னரே அந்த அறிக்கைகளை நான் படித்திருந்தால், ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்க வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருப்பேன். அந்த ஓராண்டின் விலையைத்தான் எங்கள் வீடு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

உலகம் இந்தப் பாடத்தைப் பலமுறை படித்திருக்கிறது. அமெரிக்காவில் டபிள்யூ. டி. கிராண்ட் என்ற கடைச் சங்கிலி இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். 1973-இல் அதன் பங்கு, ஒரு பங்குக்குரிய வருவாயைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு விலைக்கு விற்றது. 1975 அக்டோபரில் அது திவாலாயிற்று. லார்கே, ஸ்டிக்னி என்ற இரு பேராசிரியர்கள் 1980-இல் அதன் பழைய கணக்குகளை ஆராய்ந்தனர். இலாபம் காட்டிக்கொண்டே வந்த அந்நிறுவனத்துக்கு, வீழ்ச்சிக்கு முந்திய பத்தாண்டுகளில் பெரும்பாலான ஆண்டுகளில் தொழிலால் பணம் வரவில்லை, போய்க்கொண்டுதான் இருந்தது. கடனுக்கு விற்றார்கள்; கடை கடையாகத் திறந்தார்கள். ஏடு நிறைந்தது, பெட்டி ஒழிந்தது.

கைமிச்சத்தின் அருமையைக் காட்டும் இன்னொரு கதை வேர்ல்ட்காம். மற்றத் தொலைபேசி நிறுவனங்களுக்கு அன்றாடம் கட்டிய கட்டணத்தை, இயந்திரம் வாங்கிய செலவுபோல் எழுதிவிட்டார்கள். 2002 ஜூனில் வெளிவந்த தொகை 380 கோடி டாலர். இதனால் இலாபம் உயர்ந்தது. தொழிலால் வந்த பணமும் உயர்ந்ததுபோல் தெரிந்தது. ஆனால் அதே தொகை சொத்து வாங்கிய செலவில் ஏறியதால், இரண்டையும் கழித்துப் பார்க்கிறவரின் கைமிச்சத்தில் ஒரு காசும் உயரவில்லை! பொய் ஒரு வரியிலிருந்து மறு வரிக்குத் தாவலாம். கழித்தலைத் தாண்ட முடியவில்லை.

நல்ல பக்கமும் உண்டு. சீஸ் கேண்டிஸ் என்ற கலிபோர்னிய மிட்டாய் நிறுவனத்தை 1972-இல் வாரன் பஃபெட்டின் குழுமம் இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கியது. அதன்பின் 2007 வரை அதில் புதிதாகப் போட வேண்டியிருந்த முதல் 3 கோடியே 20 இலட்சம் டாலர்தான். அக்காலத்தில் அது ஈட்டிய வரிக்கு முந்திய இலாபம் மொத்தம் 135 கோடி டாலர். சிறிய நிறுவனம், மெல்ல வளர்ந்தது, ஈட்டியதில் பெரும்பகுதி உண்மையாகவே மிஞ்சியது. முப்பத்தைந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த அழகு தெரிகிறது.

கைமிச்சத்தைத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. 2009 சனவரி 7-இல் சத்யம் நிறுவனத்தின் தலைவர் ஒப்புக்கொண்டது என்ன? ஏட்டில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்பதே. பெட்டியில் இருப்பதாகச் சொன்ன பணமே பொய்யானால், பணப்புழக்க அறிக்கை என்ன செய்யும்? அப்போது வேறு கேள்விகள் வேண்டும். இவ்வளவு பணம் வைத்திருப்பவருக்கு ஏற்ற வட்டி வந்திருக்கிறதா? இவ்வளவு இருந்தும் ஏன் கடன் வாங்குகிறார்? ஓர் அளவுகோல் எல்லாவற்றையும் அளக்காது. அதற்காக அளவுகோலையே எறிந்துவிடுவாரும் இல்லை.

"நமக்கெதற்கு இந்தச் செட்டியார் கணக்கு? ஆராய்ச்சி செய்ய வந்தோம், அதைச் செய்வோம்" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு என் பணிவான விடை இது. விடுதியில் இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் பங்கு விலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வேறு யார்? நாம்தானே! யாரோ முகந்தெரியாதவர் அனுப்பும் குறிப்பை நம்பி, கல்வி உதவித்தொகையைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குச் சந்தையின் 'எதிர்கால, விருப்ப' ஒப்பந்தங்களில் விளையாடிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் பணத்தை இழந்தனர். மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இவர்களில் எத்தனை பேர் ஒரே ஓர் ஆண்டறிக்கையையேனும் முழுதும் படித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பங்கே வாங்காதவர்களுக்கும் இது வேண்டும். அடுத்த ஆண்டு நம்மில் பலர் வேலைக்குப் போகப் போகிறோம். சிறு மருந்து நிறுவனம், சிறு மென்பொருள் நிறுவனம், வண்ணப்பூச்சு நிறுவனம் என்று அழைப்புகள் வரும். பளபளப்பான வரவேற்பறையைக் கண்டு மயங்குமுன், பங்குச் சந்தையில் உள்ள நிறுவனமானால், அதன் ஐந்தாண்டுக் கைமிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். சரக்குக் கொடுத்தவனுக்கு ஆறு மாதம் கடன் சொல்லுகிற கை, நாளை சம்பளத்துக்கும் கடன் சொல்லத் தயங்காது.

நம் மன்றத்தில் தாய்நாட்டை விட்டு வந்து தொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இருக்கிறோம். பட்டறை, உணவு விடுதி, அச்சகம், துணிக்கடை என்று நம் பெற்றோர் ஊர் பெயர்ந்து வந்து உழைக்கிறார்கள். மொழி தெரியாத ஊரில், வாய்ச்சொல்லை நம்பிச் சரக்கனுப்புகிறார்கள். அவர்களுக்குப் படிக்க முடியாத ஆங்கில அறிக்கையைப் படித்துச் சொல்லும் கடமை நமக்கு இல்லையா? படித்த பிள்ளை வீட்டில் இருந்தும் அந்த ஏடு திறக்கப்படாமல் கிடந்தால், அந்தப் படிப்பினால் வீட்டுக்கு என்ன பயன்?

ஆகவே மன்றச் செயலாளரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, நூலகத்தின் சிறு அறையில் கூடுவோம். ஒவ்வொரு முறையும் ஒரு சிறு நிறுவனம், ஐந்து ஆண்டறிக்கைகள், ஒரு கரும்பலகை. நான்கே கேள்விகள். ஐந்தாண்டு இலாபத்தின் கூட்டல் என்ன? ஐந்தாண்டுக் கைமிச்சத்தின் கூட்டல் என்ன? இரண்டும் விலகினால், பணம் எங்கே போய் நிற்கிறது? இரண்டும் பொருந்தினால், அந்த மிச்சம் யாருடைய பணம்? நான்காம் கேள்வியை மறந்துவிடாதீர்கள். அதை நான் மறந்ததனால்தான் என் தந்தையாரைப் பொறுத்திருக்கச் சொன்னேன்.

யாரும் யாருக்கும் பங்கு வாங்கச் சொல்ல வேண்டாம்; விற்கவும் சொல்ல வேண்டாம். படிக்கக் கற்போம், அவ்வளவே. முதல் கூட்டத்துக்கு என் ஐந்தாண்டுக் கணக்கை, பெயரை மறைத்து, நானே கொண்டுவருகிறேன். அடுத்த பொங்கலுக்கும் பட்டிமன்றம் நடக்கட்டும். அன்று எந்த அணியில் பேசினாலும், நம் கையில் ஒரு கணக்கேனும் இருக்கட்டும்.